கோழி மேல் பழி போட முதல் ஒரு துண்டுச் சீலை



பரீட்சை, பெறுபேறு, பிள்ளைகளின் வரவு என்று எழுதிக்கொண்டிருந்த சேர் இன்று கோழிக்கூட்டுக்குள் போய்விட்டாரே என்று யாரும் யோசிக்க வேண்டாம். மனதில் ஒரு பாரம் இருக்கிறது. அதை இறக்கி வைக்கத்தான் இந்தப் பதிவு.

எங்கள் வளவில் ஒரு சேவலும் ஆறு பெட்டைக் கோழிகளும் நின்றன. எல்லாம் ஊர்க்கோழி. சென்ற வருடம் திடீரென்று முட்டை குறைந்தது. பெட்டிக்குள் பார்த்தால் உடைந்த ஓடும் ஈர வைக்கோலும்தான். ஒரு நாள் காலையில் கறுப்புப் பெட்டை ஒன்று சொண்டில் மஞ்சள் கருவோடு நின்றது. "இதுதான் கள்ளி" என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமையே அறுத்தேன்.

வயிற்றைத் திறந்தால் கடுகு அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை மஞ்சள் கருக்கள் கொத்தாக இருந்தன. கடைசியில் ஓடு கட்டி முடிந்த ஒரு முழு முட்டை. உம்மா பார்த்துவிட்டு, "இன்டைக்கு இட இருந்த கோழி மகன்" என்று மட்டும் சொன்னா. அந்தக் கறி எனக்குத் தொண்டையால் இறங்கவில்லை.

மறுநாளும் முட்டை உடைந்து கிடந்தது.

அதன் பிறகுதான், முதலே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். ஒரு சனிக்கிழமை காலை கதிரையைப் போட்டுக் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நான் வைத்திருந்த இரண்டு பெட்டிகளில் ஒன்று காலை வெயிலுக்கு நேரே. அதற்குள் ஒரு கோழியும் போகவில்லை. மற்றதற்குள் ஒன்று இருந்தது. மூன்று வாசலில் நின்று எட்டிப் பார்த்தன. உள்ளே இருந்ததற்கு நிம்மதி இல்லை. எழும்பும், சுற்றும், திரும்ப இருக்கும். பொறுமை இழந்த இன்னொன்று அதன் மேலேயே ஏறியது. மிதிபட்டு ஒரு முட்டை வெடித்தது. பிறகு எல்லாக் கோழியும் சேர்ந்துதான் குடித்தன. கறுப்புப் பெட்டை கள்ளி இல்லை. அன்று கண்ணில் பட்டது அது, அவ்வளவுதான்.

விடயம் இதுதான். வீட்டுக் கோழியின் மூதாதை ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. எங்கள் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழி அதற்குச் சொந்தக்காரன். இவையெல்லாம் பற்றைக்குள், நிலத்தில், மறைவாக முட்டையிடுபவை. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணித்தியாலம் ஆகிறது. அதில் 20 மணித்தியாலம் வரை ஓடு கட்டுவதற்கே போய்விடும். தன் எலும்பிலிருந்தும் சுண்ணாம்பை எடுத்துக் கட்டிய அந்த முட்டையை, எல்லோரும் பார்த்து நிற்கும் வாசலில் இடச் சொன்னால் அது எப்படி இடும்? அதனால்தான் விறகுக் குவியலுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் வேலிப் பற்றைக்குள்ளும் போய் இடுகிறது. அதைக் கீரி கொண்டு போகும், காகம் கொண்டு போகும். நாங்கள் கோழிக்கு ஏசுவோம்.

இன்னொன்றும் இருக்கிறது. முட்டை வெளிவரும்போது கோழியின் பின்பக்கம் கொஞ்ச நேரம் சிவந்து வெளியே தெரியும். சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும். அந்தப் புண் பெருத்தால் கோழியே போய்விடும்.

இதற்கு நான் செய்தது ஒரு சின்ன வேலை. பெட்டி வாசலில் சீலைத் திரை போட்டேன். வாப்பாவின் கிழிந்த மருதமுனைச் சாரன் ஒன்று அலமாரிக்குள் கிடந்தது. கைத்தறிப் பருத்தி, கடும் நீலம். மகள் வெட்டினாள், உம்மா ஓரம் அடித்துத் தந்தா. வெயில் விழுந்த பெட்டியையும் மற்றப் பக்கம் திருப்பி வைத்தேன்.

செய்ய விரும்புபவர்களுக்கு முறையைச் சொல்கிறேன். ஊர்க்கோழிக்குப் பெட்டி 12 அங்குலம் நீளம், அகலம், உயரம் இருந்தால் போதும். நான்கைந்து கோழிக்கு ஒரு பெட்டி. திரையை வாசலை விட ஒரு அங்குலம் அகலமாக வெட்டி, நடுவால் கீறி இரண்டு துண்டாக்குங்கள். கீழே இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். மேலே ஒரு கம்பியில் கோர்த்துக் கொக்கியில் மாட்டினால் கழற்றிக் கழுவலாம். முதல் கிழமை ஒரு பக்கத்தை மடித்துக் குத்தி வையுங்கள். திடீரென்று மூடினால் கோழி பயந்து உள்ளே போகாது. உள்ளே முட்டை அளவில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்தால், இதுதான் இடம் என்று பழகிவிடும்.

ஓரம் அடிக்காமல் தொங்க விடவே வேண்டாம். பிசிறு நூலைக் கோழி விழுங்கினால் இரைப்பையில் சிக்கும். காலில் சுற்றினால் விரல் இறுகிக் கறுத்துப் போகும். வலைத்துணி, லேஸ், பாசியும் மின்னியும் வைத்த கல்யாணச் சட்டைத் துண்டுகள் கூடாது. மின்னுவதை எல்லாம் கோழி கொத்தும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவி நல்ல வெயிலில் காய வையுங்கள். மடிப்புக்குள்தான் செள்ளு குடியிருக்கும்.

திரை போட்டதும் எல்லாம் நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். முட்டை குடித்துப் பழகிய கோழி உடனே திருந்தாது. காலையும் பகலும் முட்டையை எடுத்தேன். கடற்கரைச் சிப்பியை இடித்துத் தீனோடு வைத்தேன், ஓடு தடித்தது. கோழி பெட்டிக்குள் படுத்து எச்சமிடாமல் இருக்க, இரவில் அடையும் தடியைப் பெட்டியை விட உயரத்தில் கட்டினேன். முட்டையை எடுக்காமல் விட்டால் அந்த இருட்டில் கோழி அடைக்கு இருந்துவிடும் என்பதையும் கண்டுகொண்டேன். ஆனால் ஒரு மாதத்துக்குள் உடைந்த முட்டையைக் காண்பது அரிதாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது ஐந்து பெட்டையும் பெட்டிக்குள்தான் இடுகின்றன.

திரையைக் கண்டவர்கள் சிரிக்காமலும் இல்லை. "சேர், கோழிக்கு மணவறை சோடிச்சிருக்கீங்களா?" என்று பக்கத்து வீட்டுக் காக்கா கேட்டார். "அந்தக் காலத்துக் கோழி திரை கேட்டதா?" என்றார் இன்னொருவர். அதற்கு உம்மா பதில் சொன்னா: "எங்கட உம்மா குசினி மூலைக்குள்ள கடகத்த வச்சி, முன்னால சாக்குத் துண்டு தொங்க விடுவா." ஆக, இது நான் கண்டுபிடித்த புதுமை இல்லை. கூட்டைச் சீமெந்தாலும் தகரத்தாலும் கட்டத் தொடங்கிய நாங்கள் மறந்து போன ஒன்று.

இதை ஏன் ஊருக்குச் சொல்கிறேன்? 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கிய நாடு இது. அந்த நாட்களில் முட்டையை எண்ணி எண்ணி வாங்கியது யாருக்கும் மறந்திருக்காது. எங்கள் ஊரில் ஊர்க்கோழி முட்டை விற்றுப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கும் உம்மாமார் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலிக்குள் போன ஒரு முட்டையும் நட்டம்தான். அவர்களிடம் புதுக் கூடு கட்டுங்கள் என்று சொல்ல முடியாது. ஒரு முழச் சீலை என்றால் சொல்லலாம்.

அந்தச் சீலையும் எங்களிடம் இருக்கிறது. பெருநாள் நெருங்கினால் டெய்லர் கடைகளில் வெட்டுத் துண்டுகள் மலையாகக் குவியும். பிறகு றோட்டோரம் எரியும், அல்லது கடற்கரையில் கிடக்கும். டெய்லர் நானாமாரிடம் ஒரு வேண்டுகோள்: பருத்தித் துண்டுகளை மட்டும் ஒரு உரப் பையில் போட்டுக் கடை வாசலில் வையுங்கள். தேவைப்பட்டவர்கள் எடுப்பார்கள். மனைப்பொருளியல் படிப்பிக்கும் டீச்சர்மாரிடமும் சொல்கிறேன்: ஓரம் அடிக்கப் பழகும் பிள்ளை கைக்குட்டைதான் தைக்க வேண்டும் என்று இல்லை. ஒரு கோழித் திரை தைத்தால் வீட்டுக்குப் பிரயோசனம்.

கறுப்புப் பெட்டையை இனித் திருப்பி எடுக்க முடியாது. உங்கள் வீட்டிலும் ஒரு "கள்ளி" நின்றால், கத்தியைத் தேட முதல் ஒரு காலை மட்டும் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து பாருங்கள். வகுப்பறையிலும் இப்படிச் சில தீர்ப்புகளை நான் அவசரமாக எழுதியிருக்கிறேன். அது இன்னொரு நாளைக்கு.

திரை போட்டவர்கள் எத்தனை முட்டை கிடைத்தது என்று கீழே எழுதுங்கள். கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள், எங்கே பிழை என்று சேர்ந்து பார்ப்போம்.