அவையின் மதிப்பு யார் கையில்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுக்களைக்குப் பொருந்தும், நாடாளுமன்றத்துக்கும் பொருந்துமா? ஒருவர் செய்த தவறுக்காக ஒட்டுமொத்த அவையையும் பழிப்பது முறையா என்று எல்லாக் கட்சிகளுமே கேட்பதுண்டு.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், அவையில் எழுப்பப்படும் வினா எந்த உறுப்பினரின் சொந்தச் சொத்தும் அல்ல. அது மக்களின் பெயரால் கேட்கப்படுவதால்தான் அமைச்சர் பதிலளிக்கக் கடமைப்பட்டிருக்கிறார். அதை விற்பவர் அவையின் பெயரையும் சேர்த்தே விற்கிறார். பழி அவையின் மீது விழுவதில் வியப்பென்ன?

அந்தப் பழி நிலைப்பதும் நீங்குவதும் அவை அடுத்துச் செய்வதைப் பொறுத்தது.

1951-ல் தாற்காலிக நாடாளுமன்ற உறுப்பினர் எச்.ஜி. முட்கல், மும்பை தங்கம், வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்றதாகப் புகார் எழுந்தது. விசாரணைக் குழு அமைக்கத் தீர்மானம் கொண்டுவந்தவர் பிரதமர் நேரு. குழுவின் தலைவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. வெளியேற்றப்படும் முன்பே முட்கல் ராஜிநாமா செய்தார். அதோடு விட்டுவிடாமல், வெளியேற்றப்பட வேண்டியவரே அவர் என்று அவை பதிவு செய்தது.

2005 டிசம்பர் 12-ல், கேள்வி கேட்க உறுப்பினர்கள் பணம் பெறும் காட்சிகளைத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. 15 ஆயிரம் ரூபாய்க்கும் விலைபோயிருந்தார்கள். சிக்கியவர்கள் 11 பேர், நான்கு கட்சியினர். டிசம்பர் 23-ல் மக்களவை 10 பேரையும் மாநிலங்களவை ஒருவரையும் வெளியேற்றின. தண்டனை மிகையானது என்று பாரதிய ஜனதா வெளிநடப்பு செய்தது. எனினும் 2007-ல் உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை உறுதி செய்தது.

இதற்கு நேர்மாறானது இன்னொரு வரலாறு. 1993-ல் நரசிம்ம ராவ் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 14 வாக்குகள் வித்தியாசத்தில் முறியடித்தது. வாக்களிக்கப் பணம் கைமாறியதாக வழக்கு எழுந்தது. லஞ்சம் பெற்று வாக்களித்தவர்களுக்கு அரசியலமைப்புச் சட்டத்தின் 105-வது பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் 3-2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அந்தப் பாதுகாப்பு ஊழலுக்கு இல்லை என்று சட்டத்தைத் திருத்துமாறு 2002-ல் வெங்கடாசலய்யா ஆணையம் பரிந்துரைத்தது. ஆட்சிகள் மாறின, திருத்தம் வரவில்லை. 2024 மார்ச் 4-ல் ஏழு நீதிபதிகள் அமர்வுதான் பழைய தீர்ப்பை ரத்து செய்தது.

1951-லும் 2005-லும் அவை தன் களங்கத்தைத் தானே துடைத்தது. 1998-க்குப் பிறகு 26 ஆண்டுகள் நீதிமன்றத்துக்காகக் காத்திருந்தது. சுமார் 790 பேரில் 11 பேரின் தவறு, 11 பேரின் தவறுதான். ஆனால் 26 ஆண்டு மௌனத்துக்கு அப்படிக் கணக்குச் சொல்ல முடியாது. அது எல்லாக் கட்சிகளுக்கும் பொதுவானது. மக்கள் தங்களைத் தவறாக எடை போடுகிறார்கள் என்று வருந்தும் உறுப்பினர்கள், முதலில் இந்த மௌனத்துக்குப் பதில் சொல்லட்டும்.