பழஞ்சேலையில் ஒரு பரிசு



உறவினர் வீட்டில் குழந்தை பிறந்தால், கடையில் ஒரு போர்வையை வாங்கி, வண்ணத்தாள் சுற்றிக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஆனால் பெற்றவளோ பிள்ளையைப் படுக்க வைப்பதற்குத் தன் உம்மாவின் பழைய நூல் சேலையைத்தான் தேடுகிறாள். நூறு முறை துவைத்துத் துவைத்து மென்மையடைந்த அந்தத் துணியைப் போன்ற ஒன்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். இந்த அறிவை அடிப்படையாகக் கொண்டே ஒரு பெருங்கலையை வளர்த்தவர்கள் வங்கத்துப் பெண்கள். பழைய சேலைகளை அடுக்கி அவர்கள் கையால் தைக்கும் போர்வைக்குக் 'காந்தா' என்று பெயர். வடமொழியில் இச்சொல் கந்தல் துணியைக் குறிக்கும். நாம் வழங்கும் 'கந்தை' என்னும் சொல்லும் ஒலியாலும் பொருளாலும் இதனோடு ஒத்திருப்பதைக் காணலாம்.

மழைக்காலத்தில் வங்கத்து வயல்களெல்லாம் நீரில் மூழ்கிவிடும். வெளிவேலை குறைந்த அந்தப் பிற்பகல்களில் பெண்கள் தரையில் பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரிப்பார்கள். சுருக்கம் விழாமல் நீவிவிட்டு, ஓரங்களை மடித்து, எல்லா அடுக்குகளும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்படி ஓட்டுத் தையலிடுவார்கள். தைக்கும் நூலைக்கூட அன்று விலை கொடுத்து வாங்கியதில்லை. சேலைக் கரையிலிருந்து சிவப்பு, நீலம், கறுப்பு நூல்களைப் பக்குவமாக உருவி எடுத்துக்கொள்வார்கள். நடுவில் ஒரு தாமரை, நான்கு மூலைகளிலும் மரங்கள், இடையிடையே மாங்காய் வடிவங்கள் என்று தையல் விரியும். நெருங்கி ஓடும் தையலால் துணியில் எழும் சிற்றலைகளே காந்தாவின் அழகு. ஒன்றை முடிக்கப் பல மாதங்களாகும். சில காந்தாக்களுக்கு ஆண்டுகளும் ஆகும்.

குளிர்காலப் போர்வை மட்டுமன்று, தொழுகை விரிப்பு, உணவு பரிமாறும் விரிப்பு, திருக்குர்ஆனைப் பொதிந்து வைக்கும் உறை எனப் பலவற்றையும் முஸ்லிம் பெண்கள் இம்முறையில் தைத்தார்கள். பிறந்த குழந்தைக்கும், மணமாகிச் செல்லும் மகளுக்கும், தொலைவூர் செல்லும் கணவனுக்கும் காந்தா பரிசாயிற்று. விலைக்கு விற்பதற்காக அவை தைக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் இன்னாருக்கென்று மனத்தில் எண்ணியே தொடங்கப்பட்டது. குருசதய் தத் (1882-1941) என்னும் அரசு அதிகாரி வங்கக் கிராமங்களில் தேடித் திரட்டிய காந்தாக்களுள், மானதாசுந்தரி என்னும் பெண் தம் தந்தைக்காகத் தைத்ததும் ஒன்று. தைத்தவர் யார், யாருக்காகத் தைத்தார் என்ற விவரம் அத்துணியிலேயே எழுத்துகளாகத் தைக்கப்பட்டிருக்கிறது.

ஃபரீத்பூர்ப் பகுதியில் பிறந்த கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் கதைக் காவியத்தின் உயிரும் ஒரு காந்தாவே. ரூபாய் என்னும் இளைஞனும் சாஜு என்னும் பெண்ணும் மணந்து இன்புற்று வாழ்கிறார்கள். அறுவடைத் தகராறில் சிக்கிய ரூபாய் ஊரைவிட்டு ஓட நேர்கிறது. தனித்து விடப்பட்ட சாஜு, தங்கள் வாழ்வை முழுவதும் ஒரு காந்தாவில் தைக்கிறாள். தான் இறந்தபின் அதைத் தன் கப்ரின்மீது விரிக்கும்படி தன் தாயிடம் சொல்லிவிட்டுக் கண்மூடுகிறாள். கடிதம் எழுதி அனுப்ப வழியில்லாத ஒரு பெண்ணுக்கு ஊசியே எழுதுகோலாயிற்று என்பதை அக்காவியம் உணர்த்துகிறது.

1971-ஆம் ஆண்டுப் போருக்குப் பின், ஆதரவிழந்த பெண்களுக்கு இக்கலை ஒரு பிழைப்பாகவும் ஆனது. பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1978-இல் தொடங்கிய 'ஆரோங்' போன்ற விற்பனை நிலையங்கள் வாயிலாகக் காந்தா நகரங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றது. ஆயிரமாயிரம் அடுப்புகள் அதனால் எரிகின்றன, அது போற்றத்தக்கதே. ஆயினும் விற்பனைக் காந்தா பெரும்பாலும் புதுத்துணியில், யாரோ வரைந்து தந்த வடிவத்தில், முகம் தெரியாத ஒருவருக்காகத் தைக்கப்படுவது. அழகில் அது குறைந்ததன்று. உம்மாவின் சேலை மட்டும் அதில் இருப்பதில்லை.

இந்தப் பரிசை நாமும் நம் வீட்டில் உருவாக்கலாம். குழந்தைக்கான விரிப்புக்கு ஒரே ஒரு பழைய நூல் சேலை போதும். ஐந்தரை மீட்டர் சேலையை நீளவாக்கில் நான்கு சமபாகமாக வெட்டி அடுக்கினால், ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டருக்கு மேல் நீளமுள்ள நான்கடுக்கு விரிப்பு கிடைக்கும். நைலான், பாலியஸ்டர் கலந்த சேலைகள் வியர்வையை உறிஞ்சா, அவற்றைத் தவிர்க்கவும். முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் போகாத சேலையாகத் தேர்ந்தெடுங்கள். கஞ்சிப் பசை போகத் துவைத்து உலர்த்துங்கள். நைந்த பாகத்தை உள்ளடுக்கிலும், உறுதியான பாகத்தை மேலும் கீழும் வையுங்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவி, அடுக்குகள் நகராதபடி பெரிய தையலாக நூலோட்டிக்கொள்ளுங்கள். நான்கு ஓரங்களையும் மடித்துத் தைத்தபின், விரற்கடை இடைவெளியில் ஓட்டுத் தையலை வரிவரியாக நடுவிலிருந்து தொடங்குங்கள். பழைய கரையில் உருவும் நூல் அறுந்துபோனால் கடையில் கிடைக்கும் பருத்தி நூலே போதும். மணி, பொத்தான், ஜிகினா எதுவும் வேண்டா. பச்சிளம் குழந்தைக்கு இதைக் கீழே விரிக்க மட்டும் பயன்படுத்துங்கள்; முகத்தை மூடும்படி மேலே போர்த்த வேண்டா. இறுதியாக ஒரு மூலையில் சேலைக்குரியவரின் பெயரையும் தைத்த ஆண்டையும் தைத்துவிடுங்கள். ஐம்பதாண்டு கழித்து அதை எடுத்துப் பார்ப்பவருக்கு அந்தச் சிறு வரியே பெருஞ்செல்வமாக இருக்கும்.

ஒன்றை இங்கே நினைவூட்ட வேண்டும். இறந்தவர் விட்டுச்சென்ற துணிமணிகளும் வாரிசுகள் அனைவருக்கும் உரிய உடைமையே. பாசத்தின் மிகுதியால் ஒருவர் மட்டும் பெட்டியைத் திறந்து, உம்மாவின் சேலைகளை எடுத்துக் கத்தரித்துவிடுவது முறையன்று. மனத்தாங்கலுக்கும் அது வித்தாகும். சகோதர சகோதரிகள் ஒன்றாக அமர்ந்து, ஏழைகளுக்குக் கொடுக்கக்கூடிய நல்ல துணிகளை அவர்களுக்கென ஒதுக்கிவிட்டு, உடுத்த இயலாதபடி நைந்தவற்றை எல்லோருடைய சம்மதத்துடன் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு விரிப்பாகத் தைத்தால், உம்மாவின் நினைவு ஒரே வீட்டில் முடங்கிவிடாமல் எல்லா வீடுகளுக்கும் செல்லும்.

அதைவிடச் சிறந்தது, பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே தைக்கத் தொடங்குவது. பெட்டியடியில் கிடக்கும் சேலையை எடுத்து, "இது எப்போது வாங்கியதும்மா?" என்று கேட்டுப் பாருங்கள். வாப்பா முதன்முதலில் வெளிநாடு சென்று திரும்பியபோது கொண்டுவந்தது, ராத்தாவின் நிகாஹுக்கு உடுத்தியது, தம்பியைத் தூளி கட்டி ஆட்டியது என்று ஒவ்வொரு சேலைக்கும் ஒரு வரலாறு வெளிவரும். கண்பார்வை மங்கியவரும் துணியைத் தொட்டுப் பார்த்தே அது எந்தச் சேலை என்று சொல்லிவிடுவார். பேத்தி தைக்க, பாட்டி பக்கத்தில் அமர்ந்து சொல்ல, அந்தப் பிற்பகல்களும் அவ்விரிப்பினுள் சேர்ந்துவிடும். சொல்வதற்கு ஆள் இல்லாமற் போனபின் நம்மிடம் எஞ்சுவது வெறும் துணிதான்.

கொடுத்தபின் ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "இதை அலமாரியில் பத்திரப்படுத்த வேண்டா, பிள்ளையைப் படுக்க வையுங்கள்." பிள்ளை அதை நனைக்கட்டும், துவைத்து வெயிலில் உலர்த்தட்டும். ஓரிடத்தில் கிழிந்தால் அங்கே இன்னொரு தையல் விழட்டும். உம்மாவின் சேலை உழைத்துப் பழகியது. பேரப்பிள்ளைக்காகவும் இன்னும் சிறிது காலம் உழைக்கட்டும்.