வியந்தவர் எல்லாம் வாடிக்கையாளர் ஆவாரா?



மதுரை கீழமாசி வீதியில் பருப்பும் மிளகாய் வற்றலும் மொத்த வியாபாரம் செய்கிற, அறுபதைத் தாண்டிய ஒருவன் நம் இதழில் வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதுகிறானே, வரிப் பிரச்சினையும் உரிமம் புதுப்பிக்கும் தொல்லையும் இருக்க இது எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. கடந்த ஓராண்டில் நம் சங்க உறுப்பினர்கள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அண்ணாச்சி, பையன் வி.ஆர். கடை போடப் பணம் கேட்கிறான். கொடுக்கலாமா?" நான்காவதாக அதே பணத்தைக் கேட்டு நின்றவன் என் சொந்த மகன். குடோன் பத்திரத்தை வங்கியில் வைத்து 18 லட்சம் வாங்கலாம் என்பது அவன் யோசனை. ஆகவே இதை ஊர் வம்பாக எழுதவில்லை. என் வீட்டு விவகாரமாகவே எழுதுகிறேன்.

என்னிடம் கேட்டதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இந்த விளையாட்டுகளில் நான் புதியவன் அல்ல. 1983-ல் கொள்முதலுக்காகச் சென்னை சென்றபோது, பர்மா பஜாரில், புத்தகம் போல் மடிக்கக்கூடிய ஒரு சிறு விளையாட்டுக் கருவியை வாங்கினேன். 'டாங்கி காங்' என்று பெயர். என் தகப்பனாருக்குத் தெரியாமல் கல்லாப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். 1990-களில் பிள்ளைகளுக்கு என்று சொல்லி டிவி கேமும் கேசட்டும் வாங்கினேன். அதிகம் ஆடியவன் நான்தான். இன்றும் இரவு கடை அடைத்து, கணக்கு முடித்து, சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் ஆடாமல் படுப்பதில்லை. என் மனைவிக்கு இதில் நாற்பது வருடக் கோபம்.

முகமூடிக்குள் என்ன இருக்கிறது?

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வி.ஆர். என்பது விர்ச்சுவல் ரியாலிட்டி. பத்திரிகைகள் 'மெய்நிகர்' என்று எழுதுகின்றன. முகத்தில் ஒரு பெட்டியைக் கட்டிவிடுவார்கள். உள்ளே இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் தெரியும்; இரண்டும் சற்றே வேறுபட்டிருப்பதால் மூளை அதை ஆழமுள்ள காட்சியாக எடுத்துக்கொள்கிறது. தலையைத் திருப்பினால் படமும் திரும்பும். ஆகவே அங்கேயே நிற்பதாக உடம்பு நம்பிவிடுகிறது. சிலருக்குத் தலை சுற்றிக் குமட்டுவதும் இதனால்தான். ஓடுகிறோம் என்று கண் சொல்கிறது. சும்மா நிற்கிறோம் என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் வயிறு கலங்குகிறது.

முதன்முதலில் ஒரு வணிக வளாகத்தில் நான் அதை மாட்டியபோது, உயரமான கட்டடத்தின் உச்சியில் ஒரு பலகை மேல் நிற்கவைத்தார்கள். தரையில்தான் நிற்கிறேன் என்று தெரிந்தும் முழங்கால் நடுங்கியது. கழற்றியதும் "அபாரம்" என்றேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் படி இறங்கும்போது எனக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். அடுத்த வாரம் இதற்காக நான் மறுபடி பணம் கொடுப்பேனா? மாட்டேன். இட்லிப் பொடிக்கும் நல்லெண்ணெய்க்கும் யாரும் வாய் பிளப்பதில்லை. ஆனால் மாதா மாதம் வருகிறார்கள். நம் தொழில் நிற்பது அந்த வருகையில்தான்.

ஒரே மனிதர், இரண்டு சரக்கு

இந்தப் பாடம் விளையாட்டுத் தொழிலில் பழையது. ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனியில் குன்பெய் யோகோய் என்று ஒருவர் இருந்தார். நான் பர்மா பஜாரில் வாங்கியதும் அவர் வகுத்த வரிசையில் வந்த கருவிதான். புத்தம் புதிய, விலை உயர்ந்த தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே. நன்றாகப் பழகி, விலை இறங்கிய பொருளை எடுத்துப் புது வேலைக்குப் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. கால்குலேட்டர் போட்டியால் மலிவாகிப்போன சின்னத் திரையை வைத்தே 1980-ல் அந்தக் கருவிகளைத் தொடங்கினார்.

1989-ல் அவர் குழு 'கேம் பாய்' கொண்டுவந்தது. வண்ணம் கிடையாது, பாசி படிந்தது போன்ற பச்சைத் திரை. அதே ஆண்டு அமெரிக்காவில் அடாரி கம்பெனி 'லிங்க்ஸ்' என்ற வண்ணத் திரைக் கருவியை ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையில் விற்றது. அடுத்த ஆண்டு செகா கம்பெனியும் வண்ணத்தில் ஒன்று கொண்டுவந்தது. அது ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய்க்கு நான்கே பேட்டரி. பல மணி நேரம் ஓடும். கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. கடையில் பார்க்க அழகாயிருந்தவை பின்தங்கின. பச்சைத் திரையோ, பின்னால் வந்த அதன் வண்ண வடிவத்தையும் சேர்த்து, 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றது.

அதே யோகோய், அதே கம்பெனி, 1995-ல் 'வெர்ச்சுவல் பாய்' கொண்டுவந்தார்கள். இன்றைய வி.ஆர். கருவிக்கு மூத்தவன் என்று சொல்லலாம். மேசை மேல் வைத்து, குனிந்து, கண்ணைப் புதைத்துப் பார்க்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் சிவப்புக் கோடுகள் மட்டும். கழுத்து வலித்தது, கண் எரிந்தது. பக்கத்தில் நிற்பவனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. ஆகவே ஒருவன் ஆடுவதைப் பார்த்து இன்னொருவன் ஆசைப்பட வழியில்லை. ஏழு லட்சத்து எழுபதாயிரம் அளவில் விற்று, 1996-லேயே நின்றது. மூளை குறைந்துவிடவில்லை, கம்பெனி மாறவில்லை. வாங்கியவனுக்கு அது அன்றாடப் பொருளாகவில்லை, அவ்வளவுதான்.

யானை தாங்கும் நட்டம்

"அது பழைய கதை, இப்போது படம் தத்ரூபமாக இருக்கிறது" என்பான் உங்கள் மகன். உண்மைதான். 2012-ல் ஓக்குலஸ் என்ற சிறு கம்பெனி பொதுமக்களிடமே சுமார் 24 லட்சம் டாலர் திரட்டி மறுபடி தொடங்கியது. 2014-ல் பேஸ்புக் அதை 200 கோடி டாலர் என்ற விலைக்கு வாங்கியது. 2021-ல் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. 2024-ல் ஆப்பிள் கம்பெனி 3,499 டாலருக்கு ஒரு கருவியை அமெரிக்காவில் விற்பனைக்கு வைத்தது. ஆனால் இந்தக் கருவிகளைச் செய்யும் மெட்டாவின் பிரிவு 2022-ல் சுமார் 1,370 கோடி, 2023-ல் சுமார் 1,610 கோடி, 2024-ல் சுமார் 1,770 கோடி டாலர் நட்டம் காட்டியது. மூன்றே ஆண்டுகளில் 4,700 கோடி டாலருக்கு மேல்! விளம்பர வருமானம் கொட்டுகிற கம்பெனி அது, தாங்கும். யானை குளத்தில் இறங்கி ஏறும். அதைப் பார்த்து ஆடு இறங்கலாமா?

படம் எவ்வளவு தெளிந்தாலும், முகத்தில் அரைக் கிலோ துவரம்பருப்பைவிடக் கனமான பெட்டியைக் கட்டிக்கொண்டு மனிதன் எத்தனை நேரம் உட்காருவான் என்ற கேள்வி 1995-ல் இருந்தபடியே இருக்கிறது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். விமானம் ஓட்டுபவருக்கும் அறுவை மருத்துவருக்கும் இது நல்ல பயிற்சிக் கருவி. அங்கே தவறு செய்து பழக வேறு மலிவான வழி இல்லை. வீட்டிலும் பயன் உண்டு. பாட்டுக்கு ஏற்ப வரும் கட்டைகளை வாளால் வெட்டும் 'பீட் சேபர்' என்ற விளையாட்டை என் இளைய மகனின் கருவியில் வாரம் இரண்டு நாள் ஆடுகிறேன். தோள் வலி குறைந்திருக்கிறது. நான் இதற்கு எதிரி அல்ல. ரசிகனாக இருப்பது வேறு, முதல் போடுவது வேறு என்றுதான் சொல்கிறேன்.

திருப்பி எடுப்பாயா?

அமெரிக்கக் கடைக்காரர்கள் பட்ட பாடு ஒன்றையும் நாம் அறிய வேண்டும். 1983-ல் அங்கே வீடியோ விளையாட்டு வியாபாரம் சரிந்தது. கம்பெனிகள் அளவுக்கு மேல் சரக்கை இறக்கியிருந்தன. கடைகளில் கேசட்டுகள் தேங்கின. விலைபோகாத சரக்கை அடாரி கம்பெனி நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு குப்பை மேட்டில் புதைத்தது. 2014-ல் தோண்டி எடுத்து அதை உறுதி செய்தார்கள். சூடுபட்ட கடைக்காரர்கள் அதன் பிறகு வீடியோ விளையாட்டு என்றாலே கையெடுத்துக் கும்பிட்டார்கள். 1985-ல் நின்டெண்டோ நியூயார்க் நகரில் நுழைந்தபோது, விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே கடைக்காரர்கள் அலமாரியில் இடம் கொடுத்தார்கள். தன் சரக்கில் நம்பிக்கை உள்ளவன் ரிட்டர்னுக்கு அஞ்சமாட்டான்.

இதையே என் மகன் விஷயத்திலும் செய்தேன். முதலில், "அப்படிப்பட்ட கடை ஒன்றில் மூன்று ஞாயிறு உட்கார்ந்து, இரண்டாம் முறை வருபவர்களை எண்ணி வா" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனான். மூன்று ஞாயிறிலும் சேர்த்து அவன் அடையாளம் கண்டது ஏழு பேர். அதிலும் நான்கு பேர் அந்தக் கடைப் பையன்களின் கூட்டாளிகள், காசு கொடுக்காதவர்கள். "இடம் சரியில்லை அப்பா" என்றான். இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, கருவி விற்பவரிடம் நானே போனேன். "கோடை விடுமுறை இரண்டு மாதம் ஓட்டிப் பார்க்கிறோம். ஓடாவிட்டால் தேய்மானம் கழித்துக்கொண்டு திருப்பி எடுப்பீர்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "அப்படி யாரும் கேட்டதில்லை சார்" என்றார். பாதி விலைக்குக் கூட ஒப்பவில்லை. எனக்கு அதுவே பதில். மகன் பத்து நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னும் நான் தடுத்துவிட்டேன் என்ற எண்ணம் அவனுக்கு உண்டு. ஆனால் குடோன் பத்திரம் பீரோவில் இருக்கிறது.

நம் கடைக்கு வரும் கருவிகள்

இது பிள்ளைகள் விவகாரம் மட்டுமல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பில்லிங் கருவியை என் கடையில் கொண்டுவந்து வைத்தார்கள். தொடுதிரை, வண்ண வண்ணக் கட்டங்கள், மாதச் சந்தா. நானும் வாய் பிளந்தேன். விளையாட்டுப் புத்தி விடுமா? ஒன்றரை வருடத்தில் அந்தக் கம்பெனி போன இடம் தெரியவில்லை. திரை திறக்கவில்லை. உள்ளே அறுபது சில்லறைக் கடைகளின் பற்று வரவு. எங்கள் கணக்குப்பிள்ளை என் பேச்சைக் கேட்காமல் பேரேட்டிலும் எழுதி வந்ததால் தப்பித்தேன்.

பெரிய கம்பெனிகளிலும் இந்த நிலை உண்டு. கூகுள் 2016-ல் தொடங்கிய 'டேட்ரீம்' என்ற வி.ஆர். முயற்சியை 2019-லேயே கைவிட்டது. சோனியின் பழைய வி.ஆர். விளையாட்டுகள், 2023-ல் வந்த அதன் புதிய கருவியில் அப்படியே ஓடுவதில்லை.

மாறாக, நம் கடைகளில் நிலைத்துவிட்ட கருவி எது? கல்லா அருகே ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். கட்டம். 1994-ல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தார் மோட்டார் உதிரிபாகங்களைக் கணக்கெடுக்க உருவாக்கியது. 2016-ல் நம் நாட்டில் யு.பி.ஐ. வந்தது, அந்தப் பழைய கட்டமே இன்று பூ விற்கும் அம்மாளின் கூடையிலும் இருக்கிறது. வெறும் காகிதம், மின்சாரம் வேண்டாம், கிழிந்தால் இன்னொன்று ஒட்டலாம். யாரும் அதைப் பார்த்து வாய் பிளக்கவில்லை. ஆனால் தினமும் பயன்படுகிறது. யோகோய் சொன்ன கொள்கை நம் கல்லாப் பெட்டி மேலேயே ஒட்டியிருக்கிறது.

ஆகவே, புதுக் கருவி எதுவானாலும், வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். முதல் நாள் வியந்தவன் மூன்றாம் மாதமும் வருவானா? ஓடாவிட்டால் விற்றவன் திருப்பி எடுப்பானா? அந்தக் கம்பெனி கதவைச் சாத்தினாலும் என் கணக்கு என் கையில் இருக்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் தாராளமாக வாங்குங்கள். உங்களுக்கு முன் நான் வரிசையில் நிற்பேன். இல்லையென்றால், பிள்ளைகள் ஆட ஒன்று வாங்கிக் கொடுங்கள். பத்திரத்தை மட்டும் பீரோவிலேயே வையுங்கள்.

வணிகர் ஒற்றுமை ஓங்குக!