ஒருவகை மீன்

தமிழாசிரியர் அனைவருக்கும் கைகொடுக்கும் தொடர் ஒன்று உண்டு. செய்யுளில் வாளை வந்தால் 'ஒருவகை மீன்'; சுறவு வந்தாலும் 'ஒருவகை மீன்'; ஞாழல் வந்தால் 'ஒருவகை மரம்'. மாணவன் எழுதுகிறான், பரீட்சகர் புள்ளி இடுகிறார். மீனை இருவரும் கண்டதில்லை, கற்பித்தவனும் கண்டதில்லை. முப்பது ஆண்டுகள் அவ்வாறு கற்பித்தவன் என்ற உரிமையிலேயே இதனை எழுதுகின்றேன்.

மாவனல்லையில் வாழ்பவனுக்குக் கடல் தொலைவு. எங்கள் ஊர் வழியே ஓடும் மகா ஓயா நீர்கொழும்புக்கு வடக்கே கடலைச் சேர்கிறது. அதனைப் பின்தொடரும் வேட்கை எனக்கு எழுந்ததில்லை. சென்ற ஆவணி விடுமுறையில் பழைய மாணவர் ஒருவர் என்னை நிலாவெளிக்கு அழைத்துச் சென்றார். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் உள்ளது புறாமலைத் தீவு. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மாணவர் காற்றுக் குடுவையை முதுகில் கட்டி ஆழத்துக்கு இறங்கினார். நானோ கண்ணாடி முகமூடியும் மூச்சுக் குழாயும் அணிந்து, படகோட்டியின் கையை விடாது பற்றியபடி மேலே மிதந்தேன்.

கீழே முருகைக்கல். கல் என்கிறோம், அது சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய மனை. அவற்றின் உடலுள் வாழும் நுண்பாசியே உணவும் நிறமும் தருவது. நீர் மிகச் சூடேறின் பாசி நீங்கிக் கல் வெளிறிவிடும். 1998இல் ஹிக்கடுவையில் நேர்ந்தது அதுவே. 'பவளம்: நவமணிகளுள் ஒன்று' என நான் எழுதுவித்த குறிப்பில் இவற்றுள் எதுவும் இல்லை. நகைக்குரிய செம்பவளம் வேறினம் என்பதும் இல்லை.

ஓராள் ஆழமும் இல்லாத நீரில், செட்டை நுனியில் மை தொட்டாற்போன்ற கருமையுடன் இரண்டு சுறாக்கள் கடந்தன. நான் நடுங்கியதைப் படகோட்டி உணர்ந்திருக்க வேண்டும். "பயப்படாதேங்கோ ஐயா, அதுகள்தான் உங்களுக்குப் பயந்து ஓடுதுகள்" என்றார். படகேறியதும் அவரிடம் ஒன்று கேட்டேன். பரதவர் சுறவுக் கோட்டை நட்டு வழிபட்டதாகப் பட்டினப்பாலை கூறும். எந்தச் சுறவுக்கு ஐயா கொம்பு? அவர் தயங்கவில்லை. வேளாவுக்கு மூக்கு வாள்போல் நீண்டு இருபுறமும் பல்லோடு இருக்கும் என்றும், இப்போது அதனைக் காண்பதே அரிது என்றும் சொன்னார். அந்தக் கோடு இதுவாகவே இருத்தல் கூடும் என்று எண்ணுகிறேன்.

மாணவர் ஆழத்தில் கண்ட ஆமைக்கு ஆங்கிலப் பெயர் சொன்னார். படகோட்டி "அழுங்காமை" என்றார். அழுங்கு எங்கள் மலைக்காட்டு விலங்கு. செதில்மேல் செதில் அடுக்கிய உடல். இவ்வாமையின் ஓடும் அவ்வாறே அடுக்கியது. முதுகில் ஏழு வரை ஓடும் மற்றொன்று ஏழுவரி ஆமை. இவற்றுக்குப் பெயரிட்டவன் கண்ணால் கண்டவன்.

இவையெல்லாம் கொச்சை வழக்கு, பாடநூலில் ஏறலாகாது என்கிறார் என் நண்பரான பண்டிதர் ஒருவர். நெய்தல் பாடிய புலவர் சுறவு என்ற சொல்லை எவரிடம் கேட்டுக் கொண்டனராம்? உரைக்குறிப்பு எழுதுவோர் நிகண்டைப் புரட்டுமுன் ஒருநாள் கரைக்குச் சென்று வரட்டும். மீன் இறங்கும் வேளையில் செல்வது நன்று; அதற்குப்பின் காகங்களே இருக்கும்.

இத்தவணை சுறவுக்கு அரைப்பக்கக் குறிப்பு எழுதுவித்தேன். "பரீட்சைக்கு இவ்வளவும் வேண்டுமா, சேர்?" என்றான் ஒருவன். வேண்டியதில்லை, ஒரு புள்ளிதான் என்றேன். அவன் எழுதுவதை நிறுத்தவில்லை.