யாருடைய பொற்காலம்?

'அந்தக் காலம் பொற்காலம்' என்று எவர் சொன்னாலும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. அப்போ நம்ம ஆளுக எங்கே நின்னுக்கிட்டிருந்தாங்க?

வங்கி வேலையாகப் புனே போயிருந்தபோது ஒரு மாலை 'சங்கீத சௌபத்ர' என்ற மராத்தி இசைநாடகம் பார்க்க வாய்த்தது. அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் 1882இல் மேடையேற்றியது. சந்நியாசி வேடத்தில் வரும் அர்ச்சுனன் சுபத்திரையை மணக்கிற கதை. அரங்கு நிறைய வயசானவர்கள். ஆர்மோனியம் எழுந்ததுமே தலை ஆடுகிறது, கண் கலங்குகிறது. பாட்டு நல்லாத்தான் இருந்தது. அதை மறுப்பது நம் வேலையல்ல.

ஆனால் ஏக்கம் சும்மா வருவதில்லை தோழர்களே. அதற்கு இசைத்தட்டு வேணும், அச்சுப் புத்தகம் வேணும், கட்டடம் வேணும். பெண் வேடமிட்டுப் பாடிப் புகழ்பெற்ற பால கந்தர்வர் 1967இல் இறந்தார். மறு வருஷமே அவர் பெயரில் புனேயில் பெரிய அரங்கம் திறந்தாச்சு. அவர் உடுத்திய சேலையைப் பார்த்துக் குடும்பப் பெண்கள் சேலை உடுத்தினார்கள் என்று இன்றும் பெருமையாகப் பேசுகிறார்கள்.

அதே மண்ணில், அதே காலத்தில் இன்னொரு இசைநாடகமும் நடந்தது. அதன் பெயர் தமாஷா. மகர், மாங்க், கோலாட்டி சாதியார் ஆடிப் பாடியது. இங்கே மேடையேறியவர்கள் நிஜப் பெண்கள். அவர்களைப் பார்த்து யாரும் சேலை கட்டவில்லை. ஆணாய்ப் பிறந்தவர் பெண்ணாய் ஆடினால் கலை, நம் பெண் ஆடினால் ஆபாசம்! விட்டாபாய் நாராயண்காவ்கர் ஆட்டத்தின் நடுவே வலி கண்டு பிள்ளை பெற்று, மறுபடியும் மேடையேறியவர் என்று சொல்வார்கள். குடியரசுத் தலைவர் விருது வாங்கியவர். 2002இல் வறுமையில் செத்தார்.

நம்மவர்கள் வெறுமனே ஆடிக் கொண்டிருக்கவும் இல்லை. தமாஷாவின் கணபதி வணக்கத்தையும் கண்ணன்-கோபியர் லீலையையும் தள்ளிவிட்டு, தண்ணீரையும் படிப்பையும் பாடிய அம்பேத்கரிய ஜல்சாக்கள் 1930களிலேயே ஊர் ஊராகப் போயின. பீம்ராவ் கர்டக் அதில் முன்னோடி. பின்னால் மாங்க் சாதியில் பிறந்த அண்ணாபாவ் சாட்டே (1920-1969) தமாஷாவைத் தொழிலாளர் மேடையாக்கினார். மானம் காக்கிறோம் என்று ஜல்சாக்காரர்கள் பெண்களை மேடையிலிருந்து இறக்கியதையும் நாம் மறைக்கத் தேவையில்லை. இறக்கிவிடப்பட்டவள் அப்புறம் எதைத் தின்றாள் என்ற கேள்விக்கும் விடுதலை இயக்கம்தான் பதில் சொல்லணும்.

இது மராட்டியச் சங்கதி மட்டுமில்லை. லாவணி என்ற பெயர் மராட்டியர் ஆட்சியோடு தஞ்சைக்கும் வந்ததுதான். இங்கேயும் பழைய நாடகக் கம்பெனிகளுக்கு நினைவு மலர் போடுகிறவர்கள், ராத்திரி முழுக்கப் பறையடித்த கைகளுக்குப் பெயர் கூடப் போடுவதில்லை.

பழசை நினைத்து உருகுவது அவர்களுக்குச் சொகுசு. நமக்கு அது ஆவணம். மாணவத் தோழர்கள் இந்த விடுமுறைக்கு ஊர் போனால் சேரியில் பாடியவர், ஆடியவர், அடித்தவர் யார் யார் என்று கேளுங்கள். பெண்களை முதலில் கேளுங்கள். பெயர், ஊர், பாட்டு, கிடைத்த கூலி எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். கிழவிகள் போய்ச் சேர்வதற்குள் செய்ய வேண்டிய வேலை இது.