மெஷினில் சுத்தம் செய்தால் பல் தேயுமா? கெடா தோட்டங்களில் தீராத சந்தேகம்

"மெஷின் வச்சு சுரண்டுனா பல்லு ஆடிப்போயிரும்." பாடாங் செராய், லூனாஸ், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் பெரியவர்கள் இன்றும் சொல்லும் பேச்சு இது. பட்டணத்து இளையோர் இதற்கு நேர் எதிர். இணையத்தில் மலிவாக விற்கும் சிறு கருவியை வாங்கி, கண்ணாடி முன் நின்று தாங்களே பல்லைச் சுரண்டிக்கொள்கிறார்கள். ஒரு தரப்பு தேவையில்லாமல் பயப்படுகிறது, இன்னொரு தரப்பு பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருக்கிறது.

கிளினிக்கில் பயன்படும் அல்ட்ராசோனிக் கருவியின் முனை வினாடிக்குச் சுமார் 25,000 முதல் 45,000 முறை அதிர்கிறது. காது அதன் முழு ஒலியையும் பிடிக்காது. அந்த அதிர்வு காறையை உடைக்கிறது, கூடவே பீய்ச்சும் தண்ணீர் உடைந்ததை அடித்துச் செல்கிறது. முனையின் சூட்டைத் தணிப்பதும் அந்தத் தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் அதே முனை ஓடினால் சூடு பல்லுக்குள் இருக்கும் நரம்பு வரை போகலாம். இணையத்தில் விற்கும் பல கருவிகளில் தண்ணீர்க் குழாயே கிடையாது என்பதை வாங்குபவர்கள் கவனிப்பதில்லை.

சரி, பல் தேயுமா? பல்லின் மேல்பூச்சான எனாமல், மனித உடலிலேயே கடினமான பொருள். முனையின் பக்கவாட்டைப் பல்லோடு ஒட்டி, குறைந்த விசையில் நகர்த்தினால் எனாமலுக்குப் பெரிய சேதம் இல்லை. முனையை நட்டுவைத்தாற்போல் குத்தினால் கோடு விழும். ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதிதான் ஆபத்தான இடம். அதன் மேலுறை மிக மெல்லியது, கழுத்துப் பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இராது. அங்கே அழுத்தினால் சொரசொரப்பாகும். சொரசொரப்பான பரப்பில் அழுக்கும் கிருமியும் சீக்கிரம் ஒட்டும்.

அதனால்தான் சுத்தம் செய்தபின் மெருகூட்டுகிறார்கள். ஆனால் மெருகும் இலவசமில்லை. கரகரப்பான பசையை நீண்ட நேரம் தேய்த்தால் எனாமலின் மேற்புறத்தில் சில மைக்ரான் போகும், புளோரைடு நிறைந்த அடுக்கு அதுதான். ஆகவே கறை உள்ள பல்லுக்கு மட்டும், மெல்லிய பசையால், சில வினாடிகள் மெருகூட்டினால் போதும் என்பதே இன்றைய நடைமுறை. வெற்றிலைக் கறையும் சிகரெட் கறையும் உள்ளவர்களுக்கு அது தேவைப்படும். பளபளப்புக்காக மாதா மாதம் போவது வீண் வேலை.

பல் ஆடும் கதை எங்கிருந்து வந்தது? ஆண்டுக்கணக்கில் சேர்ந்த காறை ஈறையும் எலும்பையும் கரைத்துவிட்டு, சிமெண்டுபோல் பல்லைப் பிடித்து நிற்கிறது. அதை எடுத்ததும் உண்மையான இடைவெளியும் ஆட்டமும் தெரிகின்றன. மெஷின் பழியை ஏற்கிறது, வேலையைச் செய்தது காறை. சில நாள் கூச்சமும் இருக்கும், பிறகு குறையும்.

2010 தேசிய வாய்ச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 94 பேருக்கு ஏதாவதொரு ஈறுப் பிரச்சினை இருந்தது. 2019 தேசிய சுகாதார ஆய்வு, இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. மற்ற இனங்களைவிட அதிகம். ஈறு நோயும் நீரிழிவும் ஒன்றையொன்று மோசமாக்குபவை. நம் சமூகத்துக்குக் காறை வெறும் அழகுப் பிரச்சினையல்ல.

பள்ளிப் பிள்ளைகளை நாடு நன்றாகவே பார்த்துக்கொண்டது. 1949-லேயே பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பள்ளிக்கே வரும் பல் மருத்துவக் குழுவை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம், ஓடி ஒளிந்த கழிவறையையும்தான். பள்ளியை விட்டதும் அந்தக் கயிறு அறுந்துவிடுகிறது. அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் குறைவு, ஆனால் தவணைக்குக் காத்திருக்க வேண்டும். காலை நேரத் தவணை என்றால் பால்வெட்டு, குலைவெட்டுத் தொழிலாளிக்கு ஒருநாள் சம்பளம் போகும். இதைப் பேசாமல் "விழிப்புணர்வு இல்லை" என்று தோட்ட மக்களையே குறை சொல்வது நியாயமில்லை. மாலை நேரச் சேவையும், தோட்டத்துக்கே வரும் நடமாடும் சேவையும் பெரியவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று நம் பிரதிநிதிகள் கேட்கலாமே?

இந்த இடைவெளியில்தான் போலிகள் நுழைகிறார்கள். 2017-இல் யூடியூப் பார்த்துக் கற்றதாகச் சொன்ன 20 வயதுப் பெண்ணுக்கு மலாக்கா நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. அவர் செய்தது பல் கம்பி வேலை. வீட்டிலும் அழகு நிலையத்திலும் "ஸ்கேலிங்" செய்வதும் அதே ரகம்தான்.

கெடாவுக்கு ஒரு வசதி உண்டு. பீடோங், செமெலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் புலம் இயங்குகிறது. அங்கே மேற்பார்வையில் மாணவர்கள் பொதுமக்களுக்குச் சிகிச்சை அளிக்கிறார்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அவசரமில்லாதவர்களுக்கு ஏற்றது. தனியார் கிளினிக்கில் செலவழித்தால் ரசீதை எறிய வேண்டாம்: 2024 வரி மதிப்பீட்டு ஆண்டு முதல் பல் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் 1,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு.

நாற்காலியில் உட்காருமுன் சொல்ல வேண்டியவை: இருதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறீர்களா, நீரிழிவு உண்டா. வெற்றிலை போடும் பாட்டிகளை அழைத்துச் செல்பவர்கள், கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையேதான் அதிக விகிதத்தில் காணப்படுகிறது.