கொடியும் கொடி நெய்யும் கைகளும்

நமது தேசியக் கொடி ஆட்சியாளர்கள் மக்களுக்கு அளித்த பரிசல்ல. மக்கள் ரத்தம் சிந்தி உயர்த்திய கொடி. 1930-ல் ஷோலாப்பூர் ஆலைத் தொழிலாளர்கள் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்தபோது அந்நகரில் மூவர்ணக் கொடி பறந்தது. ஏகாதிபத்தியம் ராணுவச் சட்டத்தை ஏவியது; 1931 ஜனவரியில் நான்கு வீரர்களைத் தூக்கிலிட்டது. மறு ஆண்டு ஜனவரியில், சென்னிமலை நெசவாளர் குடும்பத்தில் பிறந்த குமரன் திருப்பூர் வீதியில் போலீஸ் தடியடிக்கு இரையானார். மண்டை பிளந்து சாய்ந்தபோதும் கொடியை விடவில்லை.

இந்தக் கொடிக்கு மதச்சாயம் பூச முனைவோருக்கு 1931-லேயே விடை கூறப்பட்டுவிட்டது. காவி தைரியத்தையும் தியாகத்தையும், வெள்ளை சத்தியத்தையும் சமாதானத்தையும், பச்சை நம்பிக்கையையும் வீரத்தையும் குறிக்கும். எந்த நிறமும் எந்த மதத்துக்கும் உரியதல்ல என்று அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி தீர்மானித்தது.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு முன்மொழிந்த தீர்மானம் மற்றொன்றையும் சொல்கிறது. நடுவிலுள்ள நீலச் சக்கரத்தின் வடிவம் சாரநாத் அசோகத் தூணிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் அது குறிப்பது ராட்டையை! நூல் நூற்கும் ஏழையின் உழைப்பே கொடியின் நடுவில் வைக்கப்பட்டது. அதனால்தான் கையால் நூற்று, கையால் நெய்த துணியிலேயே கொடி செய்ய வேண்டும் என்ற விதி இருந்தது.

2021 டிசம்பர் 30 அன்று மத்திய சர்க்கார் அந்த விதியைத் திருத்தியது. இயந்திரத்தில் தயாரான பாலியெஸ்டர் கொடிக்கும் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே வீடுதோறும் கொடியேற்றச் சொன்னார்கள். கொடிக்குத் தேவை பெருகிய வேளையில், கொடி நெய்தவர்களின் தறிக்குப் போட்டியாக ஆலை முதலாளிக்குச் சந்தை திறந்துவிடப்பட்டது. கர்நாடகத்தில் ஹூப்ளியை அடுத்த பெங்கேரி கதர் நிலையத்தில் தர முத்திரை பெற்ற கொடி தயாரிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு இந்தத் திருத்தம் தந்தது என்ன?

நாம் இயந்திரத்துக்கு விரோதிகளல்ல. இயந்திரத்தின் பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதே நமது கேள்வி. ஏழை எளியவர் மலிவான கொடியை ஏற்றுவதிலும் குற்றமில்லை. ஆனால், சர்க்கார் தன் கடமையிலிருந்து நழுவ அது சாக்காகிவிடக் கூடாது.

சர்க்கார் அலுவலகம், பள்ளி, பொதுத்துறை ஆலை அனைத்திலும் கதர்க் கொடியே பறக்க வேண்டும்; நூற்போருக்கும் நெய்வோருக்கும் ஆண்டு முழுவதும் வேலையும் கட்டுப்படியான கூலியும் உத்தரவாதம் செய்யப்பட வேண்டும் என்று கோருகிறோம். ராட்டையைக் கொடியில் வைத்துவிட்டு, ராட்டை சுற்றும் கையைப் பட்டினி போடுவது தேசபக்தியாகாது!